நடுவழி ஞானையன்

வடசேரியில் வந்து ஞானையன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நடுவழி ஞானையன் என்று கேளுங்கள், பச்சைப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும். பட்டப்பெயர் வைப்பதில் நம்மூர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது; வைத்ததைக் கழற்றத்தான் ஒருத்தனுக்கும் கை வராது. குழிக்குள் இறக்குகிற அன்றைக்கும், "எந்த ஞானையன், நடுவழியா?" என்றுதான் கேட்டார்கள். பாவிகள்.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் அவன் இருந்த இருப்பே வேறு. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லாரிகளோடு ஒன்பது வருஷம் மல்லுக்கட்டி வேலை படித்துவிட்டு, 1927-ல் ஊருக்கு வந்தவன். அப்போது நாகர்கோவிலைச் சுற்றி ஓடிய மோட்டார் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனைக்கும் அவன்தான் வைத்தியன். மூடியைத் திறக்கும் முன்னே காதை வைத்துக் கேட்பான், புகையை மோந்து பார்ப்பான், ஒரு வார்த்தை சொல்வான். அது சரியாக இருக்கும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. வேலை தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? அவன் பெண்டாட்டி ஜெபமணி மட்டும், "மோட்டாருக்குக் காட்டுத பொறுமையில பாதி எனக்குக் காட்டினா நான் ராணியாக்கும்" என்பாள்.

1931 ஆவணி மாதம் பூதப்பாண்டியிலிருந்து ஆள் வந்தது. நாகம்மை வீட்டு மோட்டாரை ஓடவைக்க வேண்டுமாம்.

நாகம்மைக்கு நாலு திக்கிலும் வயல். புருஷன் ஆசைப்பட்டு மோட்டார் வாங்கி, ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, காலராவில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக வண்டி வைக்கோல் கொட்டகையில் அப்படியே கிடந்தது. இப்போது ஒரே மகள் சண்முகவடிவு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கையில் நிற்காது, வலி கண்டதும் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். நெய்யூருக்கு மாட்டுவண்டியில் ஏழு மணி நேரம் ஆகும். மோட்டாரில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

"ஓடுமாலே ஞானையா?" என்று கேட்டார் பொன்னுலிங்கம். நாகம்மையின் தம்பி, வீட்டுக் காரியம் முழுக்க அவர் கையில்தான்.

"சும்மா கெடந்த வண்டிக்கு சீக்கு வேற எங்கயும் இருக்காதுய்யா. பெட்ரோல் போற பாதையிலதான் இருக்கும். ரெண்டு நாள் தாங்கோ."

டாங்கி ஓட்டுகிறவன் இருக்கைக்கு அடியில் இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். பெட்ரோல் வாடை இல்லை. பழைய அரக்கு வாடை அடித்தது. பெட்ரோல் ஆவியாகிப் போய், மிச்சம் பலாப்பிசின்போல அடியில் ஒட்டிக் கிடந்தது. கார்புரேட்டருக்குப் போகிற செம்புக் குழாயைக் கழற்றி ஒரு முனையில் வாய்வைத்து ஊதினான். மறுமுனையில் ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. "இதுதான், வேற ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

குழாயை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஊதி எடுத்தான். கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்தான். அதிலுள்ள ஊசித் துவாரங்களில் கம்பி விட்டால் துவாரம் பெரிதாகிவிடும் என்று, குதிரைவால் மயிர் ஒன்றை விட்டு அடைப்பை எடுத்தான். டாங்கியை இறக்கி மூன்று தடவை மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கொட்டினான்; பிறகு ஒரு குப்பி பெட்ரோல் விட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்தான். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டான்.

அந்த இரண்டு நாளும் களத்தில் அறுப்புக்காரிகளுக்குக் கூலி நெல் அளப்பு நடந்தது. நாகம்மையே நின்று அளந்தாள். அளந்து முடித்ததும் மரக்காலை வெறுமனே வைக்க மாட்டாள். ஒரு பிடி நெல்லை அள்ளி அதில் போட்டுத்தான் மூலையில் வைப்பாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாழி, குறுணி, அரிசிப் பானை, எதுவும் வெறுமையாகக் கிடந்தால் வீடு விளங்காது என்பார்கள். வேலையோடு வேலையாக ஞானையனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாங்கியை வண்டியில் திரும்பப் பொருத்தி மூடியை வைத்தான். நாகம்மை கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாம் ஆச்சாப்பா?"

"ஆச்சும்மா. டாங்கி பளிச்சுன்னு இருக்கு. நாளைக்குக் காலம்பற பெட்ரோல் தகரம் வந்திரும். வந்த பொறவு ஊத்திக்கிடலாம். அதுவரைக்கும் வெறும் டாங்கியாட்டுக் கெடக்கட்டு."

"வெறுசாட்டா கெடக்கணும்?"

"வெறுசாட்டுக் கெடந்தாத்தான் நல்லதும்மா."

நாகம்மை வீட்டுக்குள் போனாள். அவன் கைகால் கழுவிவிட்டு வடசேரிக்குப் புறப்பட்டான்.

மறுநாள் காலையில் தகரம் வந்தது. இரட்டைத் துணி போட்டு வடிகட்டி, புனல் வழியாக ஊற்றினான். தூசி ஒன்று உள்ளே போயிருக்க முடியாது. ஊற்றப் போகும்போது மூடிக்குப் பக்கத்தில், பலகைமேல் நாலைந்து நெல்மணி கிடந்தது. புறங்கையால் தட்டிவிட்டான். வைக்கோல் கொட்டகையில் நெல் கிடக்காமல் பின்னே முத்தா கிடக்கும்? பூதப்பாண்டியில் நெல் இல்லாத இடம் எது?

கைப்பிடியைச் சுற்றினதும் நாலாவது சுற்றில் வண்டி உயிர் பிடித்தது. கோயில் தெருவில் இரண்டு தடவை போய்வந்தான். ஒரு விக்கல் கிடையாது. பொன்னுலிங்கமே சிரித்துவிட்டார். ஆனால் ஒன்று: அந்தப் பக்கமெல்லாம் தட்டுப் போட்ட மாதிரி வயல்நாடு. தேடினாலும் ஒரு ஏற்றம் கிடைக்காது.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் சண்முகவடிவுக்கு வலி கண்டது. பின்னிருக்கையில் மெத்தை விரித்து அவளைச் சாய்த்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டு நாகம்மை உட்கார்ந்தாள். முன்னால் ஞானையனும் பொன்னுலிங்கமும். நாகர்கோவில் வரைக்கும் வண்டி தேர்போல வந்தது. "சொகமாட்டு இருக்கும்மா" என்று அந்தப் பெண் ஒரு தடவை சொன்னதுகூட ஞானையன் காதில் விழுந்தது.

பார்வதிபுரம் தாண்டினதும் முதல் ஏற்றம். பாதியில் வண்டி இருமியது, திணறியது, நின்றது.

ஞானையன் பதறவில்லை. இறங்கி, டாங்கி மூடியைத் திறந்து ஓர் ஈர்க்கை விட்டுப் பார்த்தான். ஈர்க்கு அரைக்குமேல் நனைந்து வந்தது. பெட்ரோலுக்குக் குறைவில்லை. அப்படியானால் விஷயம் லேசு. அந்த மாதிரி வண்டியில் பெட்ரோல் டாங்கியிலிருந்து தானாக இறங்கித்தான் எஞ்சினுக்குப் போக வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் மேலே, டாங்கி கீழே. பெட்ரோல் எப்படிப் போகும்? இலங்கை மலைப்பாதையில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றத்தில் ஏற்றினான். வண்டி சுணங்காமல் ஏறியது. "கண்டியளா அய்யா, சீக்கு இவ்வளவுதான்" என்றான். அவனைக் கெடுத்தது அந்த வைத்தியம் பலித்ததுதான். பலிக்காமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பான்.

வில்லுக்குறிக்கு முன்னால் மறுபடி நின்றது. மறுபடியும் பின்பக்கமாக ஏற்றினான். அதற்குப் பிறகு சமதரையிலேயே நின்றது. இப்போது அவன் முகம் மாறியது. குழாயைக் கழற்றினான், பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பிசின் இன்னும் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தான். கார்புரேட்டரைக் கழற்றி, நடுரோட்டில் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் கண்ணாடிபோல இருந்தது. குழாயில் வாய்வைத்து டாங்கிப் பக்கமாக ஊதினான். உள்ளே குமிழி விடுகிற சத்தம் கேட்டது. பெட்ரோல் கடகடவென்று இறங்கியது. மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு பர்லாங் போய் நின்றது.

டாங்கியை அவிழ்த்துப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தான் கழுவின பாத்திரத்தைத் தானே சந்தேகப்படுகிறவன் உண்டா? அதை நாலு தடவை கழுவினது அவன் கை. பெட்ரோலை வடிகட்டினதும் அவன் கை.

அந்த இடத்தில் வாழைக்குலை இறக்கிவிட்டு வந்த ஒரு மாட்டுவண்டி நின்றது. பொன்னுலிங்கம் அதைப் பார்த்தார். "ஏலே, வண்டியில மாத்திரலாமா? அசஞ்சு அசஞ்சு போனாலும் போய்ச் சேந்திருவோம்லா."

"வேண்டாம்ய்யா. இன்னா, இப்பம் போயிரும். அஞ்சு நிமிசம்."

பொன்னுலிங்கம் அக்காளைப் பார்த்தார். நாகம்மை ஞானையன் முகத்தைப் பார்த்தாள். "அவன் சொல்லுகானே" என்றாள். மாட்டுவண்டி போய்விட்டது.

ஊதுவான், ஓடும். நிற்கும், ஊதுவான். அடியோடு செத்திருந்தால்கூட அந்த வண்டி அவர்களுக்கு உபகாரம் செய்திருக்கும். இதுவானால் ஒவ்வொரு தடவையும் ஆசைகாட்டிக் கூட்டிக்கொண்டு போய் ஏமாற்றியது. உதட்டில் பெட்ரோல் பட்டுப் பட்டு அவன் வாய் வெந்துபோயிற்று. பின்னால் முதலில் முனகல் கேட்டது, பிறகு அலறல் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது, "தம்பி, எம்பிள்ள பேசமாட்டக்காளே" என்றாள் நாகம்மை.

தக்கலைக்கு இந்தப்புறம் வேறொரு மாட்டுவண்டி கிடைத்தது. நெய்யூர் போய்ச் சேரும்போது மணி மூன்று. பிள்ளை வயிற்றிலேயே செத்திருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சண்முகவடிவும் போய்விட்டாள். பத்தொன்பது வயது. "இன்னும் ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருக்கலாமே" என்று நர்ஸ் ஒருத்தி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்தச் சொல் நாகம்மையின் நெஞ்சில் போய்க் குத்தி அங்கேயே நின்றுவிட்டது.

நாலாம் நாள் வண்டியை மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்து பழைய கொட்டகையில் தள்ளினார்கள். யாரும் கூப்பிடாமலே ஞானையன் போனான். இன்னதுதான் என்று தெரியாமல் அவனால் ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியவில்லை. கழற்ற மிச்சம் இருந்தது டாங்கி ஒன்றுதான். இறக்கி, துணியைக் கட்டி, ஓர் உருளியில் கவிழ்த்தான்.

பெட்ரோல் வடிந்தது. துணியில் ஒரு பிடி நெல் நின்றது.

திருப்பிப் பார்த்தால், அடியில் பின்பக்கத்துத் துவாரத்தின் வாயில் இன்னும் இரண்டு மணி நெருக்கிக்கொண்டு இருந்தது. ஏற்றத்தில் நெல் முழுக்கப் பின்னால் உருண்டு துவாரத்தை அடைக்கும், வண்டியைத் திருப்பினால் முன்னால் உருண்டு வழிவிடும், ஊதினால் சிதறும், ஓட ஓட மறுபடி வந்து அடையும். எல்லாம் விளங்கிவிட்டது. யார் போட்டது என்பதும் விளங்கிவிட்டது. "வெறுசாட்டா கெடக்கணும்?" என்று கேட்ட குரல் காதில் கேட்டது. கர்ப்பிணி மகள் ஏறப்போகிற வண்டி வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெறுமையாகக் கிடக்க அந்தத் தாய்க்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

முற்றத்தில் ஆள் அரவம் கேட்டது. அவன் துணியோடு நெல்லைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டான். பொன்னுலிங்கமும் அவருக்குப் பின்னால் நாகம்மையும் வந்தார்கள். நாலு நாளில் அவள் பாதியாகியிருந்தாள்.

"என்ன கொறை இருந்துது? மறைக்காம சொல்லு. எனக்குத் தெரியணும்."

ஞானையனைப் பெரிய தியாகி ஆக்க நான் வரவில்லை. அவனும் ஒரு நிமிஷம் தடுமாறினான். உண்மை மடியில் இருக்கிறது, எடுத்து நீட்டினால் அவன் பெயர் பிழைக்கும். ஆனால் மூடிக்குப் பக்கத்தில் கிடந்த நெல்லைத் தட்டிவிட்டது யார் கை? மாட்டுவண்டி வேண்டாம் என்று சொன்னது யார் வாய்? அதுவுமல்லாமல், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எந்த மனுஷனாலும் முடியாது.

"கார்புரேட்டர நான் சரியா கழுவல்லம்மா. எம் பெழைதான்."

"அப்பம் நீயாக்கும் எம்பிள்ளையக் கொன்னது."

"ஆமாம்மா."

அவள் இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன் தலையில் எறிந்தாள். அவன் துடைக்காமல் நடந்து வந்தான்.

அதற்குப் பிறகு எவன் வண்டி கொடுப்பான்? "பிள்ளத்தாச்சிய நடுவழியில விட்டவம்லா" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அப்படி ஒட்டியதுதான் அந்தப் பெயர். கடைசியில் ஒரு பஸ் கம்பெனியில் சக்கரத்துச் சேறு கழுவுகிற வேலை கிடைத்தது. பக்கத்தில் அரைகுறை ஆசாமி ஒருத்தன் எஞ்சினைக் குடைந்துகொண்டிருப்பான். சத்தத்தைக் கேட்ட உடனே ஞானையனுக்கு நோவு எது என்று தெரிந்துவிடும். வாயைத் திறக்கமாட்டான். வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவான்.

ஜெபமணிக்கு விஷயம் அந்த வாரமே தெரிந்துவிட்டது. வேட்டியைத் துவைக்க எடுத்தவள், பெட்ரோல் நாறுகிற நெல்லைக் கண்டு, விடாமல் குடைந்து வாங்கிவிட்டாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நெல்லை ஒரு சின்ன ஓலைக்கொட்டானில் போட்டு உத்தரத்தில் செருகிவைத்தாள். "ஒரு நாளைக்கு இது சாச்சி சொல்லும்" என்றாள்.

அந்த நாள் 1936 மாசியில் வந்தது என்று அவள் நினைத்தாள். அந்தப் பஸ் கம்பெனி முதலாளிக்கே ஒரு மெக்கானிக் தேவைப்பட்டது. ஞானையனின் கைவேலையை யாரோ சொல்லக் கேட்டு, வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. ஆனால் அவர் பொன்னுலிங்கத்துக்குச் சிநேகிதர். "பூதப்பாண்டிக்காரங்க ஒரு வார்த்த நல்லதாட்டுச் சொன்னா நாளைக்கே எஞ்சின் வேலைக்கு வா" என்றார்.

"நான் போய்ச் சொல்லுகேன்" என்றாள் ஜெபமணி.

"ஏட்டி, வேண்டாம்."

"அஞ்சு வருசம் நீரு சொன்னதக் கேட்டாச்சு. நீரு செய்யாத கொலைக்கு எம்பிள்ளையளு எதுக்குப் பட்டினி கெடக்கணும்? அந்த அம்மைக்கு வலிக்கும்னா வலிக்கட்டு. எனக்கு வலிக்கல்லியா?"

மறுநாள் மத்தியானம் அவன் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தபோது உத்தரத்தில் கொட்டான் இல்லை. பூதப்பாண்டிக்கு ஆறு மைல். வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனான். நாகம்மை வீட்டுக் களத்தில் கும்பப்பூ போகத்து அறுப்பு முடிந்து நெல் குவிந்து கிடந்தது. வைக்கோல் கொட்டகைச் சுவரோரம் வந்ததும் பேச்சுக் குரல் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டான்.

நெற்பொலிக்குப் பக்கத்தில் நாகம்மை நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிரே ஜெபமணி கொட்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஞானையன் பெண்டாட்டியா? உனக்கு இஞ்ச என்ன வேணும்?"

"அம்மா, ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். அதுக்காவத்தான் இதக் கொண்டுவந்தேன்."

நாகம்மை கொட்டானுக்குள் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் வாடை எல்லாம் போய்விட்டது. வெறும் நெல், ஒரு பிடி. அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"வெறுங்கொட்டானாட்டுக் கொண்டு வராம, ஒரு பிடி போட்டுக் கொண்டுவந்தியே. இது தெரிஞ்சவளாக்கும் நீ. சர்ச்சுக்குப் போற வேதக்காரி ஆனாலும் மொற தெரிஞ்சிருக்கு." சொல்லிக்கொண்டே குனிந்து நெல்லை வாரி வாரிக் கொட்டானில் போட்டாள். "உம் புருசன் செய்ததுக்கு நீ என்ன செய்வ? உம் பிள்ளையளு என்ன செய்யும்? கொண்டுபோ."

"அம்மா, நான் இதுக்கு வரல்ல..."

"கேளு. அன்னைக்கு அந்தப் பாவி வண்டிய வெறுசாட்டுப் போட்டுட்டுப் போனான். எனக்கு மனசு கேக்கல்ல. குளிச்சு, விளக்கப் பொருத்தி, சாமியக் கும்பிட்டுட்டு, எங்கையால ஒரு பிடி நெல்லு அதுல போட்டேன். எம் பிள்ளைக்கு எம்பக்கத்துல நான் ஒரு கொறையும் வைக்கல்ல. சோத்துல கை வைக்கும்போ எல்லாம் அதத்தான் நெனச்சுக்கிடுவேன். அது ஒண்ணு இல்லேன்னா நான் அன்னைக்கே கொளத்துல விழுந்திருப்பேன், பாத்துக்கோ."

கொட்டான் நிறைந்து வழிந்தது. ஜெபமணியின் வாய் திறந்தது. அந்த நிமிஷம் அவள் கண்ணில் கொட்டகைச் சுவரோரம் நின்ற ஞானையன் பட்டான். அவன் வேண்டாம் என்று தலைகூட ஆட்டவில்லை.

"என்னமோ சொல்லணும்னியே?" என்றாள் நாகம்மை.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் ஜெபமணி. "அவரு செய்ததுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

ஆறு மைல் தூரமும் அவள் முன்னாலும் அவன் பின்னாலுமாக நடந்தார்கள். வடசேரிச் சந்தை தாண்டின பிறகுதான் அவன் கேட்டான்.

"ஏட்டி, ஏன் சொல்லல்ல?"

"சவத்த விடும். அந்த அம்மைக்கு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டு வந்து உமக்கு வேல வாங்கித் தரவா?" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனை அவள் ஒரு நாளும் அதைப் பற்றிக் குத்திக்காட்டியது கிடையாது.

வீட்டுக்கு வந்து கொட்டானைக் கவிழ்த்தாள். பழைய பிடி எது, புதிய நெல் எது என்று பிரித்தறிய வழியில்லை. அத்தனையையும் உரலில் போட்டுக் குத்தினாள். புடைத்து, கஞ்சி வைத்து, பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு அவனுக்கும் ஒரு சட்டியில் ஊற்றினாள். ஞானையன் ஒரு வாய் குடித்தான். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே மிச்சத்தையும் குடித்தான். மறுநாள் விடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு பஸ் கழுவப் போனான்.